ஏற்காட்டு மலையில் மரம் செடிகள் ஏன் இடத்துக்கு இடம் மாறுகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து மரம் செடி பார்க்க வருபவர்களோடு ஏற்காட்டில் நடப்பது என் வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், ஓய்வுபெற்றவர்கள் வருவார்கள், தாவரவியல் படிக்கும் மாணவர்களும் வருவார்கள். யார் வந்தாலும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

சேர்வராயன் மலை, ஏற்காடு, ரெண்டும் ஒண்ணுதானே சார்?

மலை முழுவதுக்கும் பெயர் சேர்வராயன் மலை. அதன் மேல்பரப்பில் இருக்கும் ஊர் ஏற்காடு. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காட்டை 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உச்சிப் பகுதி 1,600 மீட்டரைத் தாண்டும். அதாவது இருபது கொண்டை ஊசி வளைவுகளில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்களுக்கு இவைதான் அடிப்படை.

கீழ இருக்கிற மரம் மேல இல்ல, மேல இருக்கிறது கீழ இல்ல. ஒரே மலைதானே, ஏன் இப்படி?

மேலே போகப் போக இரண்டு விஷயம் மாறுகிறது. ஒன்று வெப்பம். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அந்தக் கணக்கில் சேலத்தைவிட ஏற்காடு எப்போதும் 7, 8 டிகிரி குளிர்ச்சி. வெயில் குறைந்தால் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீர் ஆவியாவதும் குறையும். இன்னொன்று மழை. சேலத்தில் வருஷத்துக்கு 900 முதல் 1,000 மில்லிமீட்டர் என்றால், ஏற்காட்டில் ஏறக்குறைய 1,500. காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிக் கொட்டிவிடுகிறது.

மழை அதிகம், ஆவியாவது குறைவு. இரண்டும் சேரும்போது செடிக்குக் கிடைக்கும் ஈரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வந்துவிடும். கீழே தண்ணீரைச் சேமிக்கத் தெரிந்த செடிதான் பிழைக்கும். மேலே அந்தக் கெட்டிக்காரத்தனம் தேவையில்லை; நிழலில் முளைத்து, நிழலிலேயே பொறுமையாக வளரத் தெரிய வேண்டும்.

எந்த உயரத்துல எது மாறுது? வரிசையா சொல்லுங்க.

அடிவாரத்தில், ஏறக்குறைய 400, 500 மீட்டர் வரைக்கும் முட்புதர்க் காடு. வெள்வேல், உசில், கிளுவை, சதுரக்கள்ளி, களா, விராலி, ஆவாரை எல்லாம் இங்கேதான். உசில் என்றால் விழிப்பவர்களுக்கும் அரப்பு என்றால் புரியும். தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடி இந்த மரத்து இலைதான். இங்கே நிற்கும் செடிகளின் இலைகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். உசில் இலை பொடிப்பொடியாகப் பிரிந்திருக்கும். விராலி இலைமேல் பிசின் படிந்து பளபளக்கும், விரலில் ஒட்டும். சதுரக்கள்ளியில் இலை பேருக்குத்தான் இருக்கும். பச்சைத் தண்டே இலையின் வேலையைப் பார்க்கிறது. கிளுவை வருஷத்தில் பல மாதம் மொட்டையாகவே நிற்கும். நாலும் நாலு வழி, நோக்கம் ஒன்றுதான்: இருக்கிற தண்ணீரை வெளியே விடக்கூடாது.

அதற்கு மேலே 900, 1,000 மீட்டர் வரை இலையுதிர் காடு. வெக்காளி, வேங்கை, சந்தனம், ஈட்டி, ஒதியன், கொன்றை, நெல்லி, கடுக்காய், அங்கங்கே மூங்கில் புதர். ஜனவரியில் தொடங்கி இலை கொட்டும். மார்ச்சில் பார்த்தால் மலை செத்துப்போன மாதிரி தெரியும், ஆனால் அது செத்ததல்ல. தண்ணீர் கிடைக்காத மாதங்களில் இலையை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவதைவிட உதிர்த்துவிட்டுக் காத்திருப்பது அந்த மரங்களுக்கு லாபம். கோடை மழை இரண்டு பெய்தால் போதும், ஒரே வாரத்தில் நிறம் மாறிவிடும்.

அதற்கும் மேலே பசுமைமாறாக் காடு, நம் ஊர் வழக்கில் சோலை. காயா, நாவல், செண்பகம், லவங்கப்பட்டை இனத்து மரங்கள், அத்தி வகைகள். இலை தடித்து, கரும்பச்சையாக, விளிம்பு வெட்டில்லாமல் இருக்கும். மரத்தில் பாசி, பெரணி, ஆர்க்கிட். ஆனால் ஒன்று: மேல்மட்டத்தில் பெரும்பகுதி இன்று காபித் தோட்டம். இயற்கையான சோலை துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

அப்போ உயரம் தெரிஞ்சா போதும், அங்க என்ன மரம் இருக்கும்னு சொல்லிடலாம். சரிதானே?

சரியில்லை. இதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மேலே சொன்ன வரிசை மலையை முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். ஒரே 1,200 மீட்டரில் ஒரு இடத்தில் முழங்கால் உயரப் புல் இருக்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சூரியனே தெரியாத சோலை இருக்கும். பாறைமேல் அடிவாரத்துக் கள்ளி இனம்கூட நிற்கும்.

மலையில் செடியைத் தீர்மானிப்பது உயரம் என்பதைவிட, கோடையில் ஈரம் எங்கே தங்குகிறது என்பது. உயரம் அதில் ஒரு பங்கு. மலையின் எந்தப் பக்கம், பள்ளமா மேடா, காற்று அடிக்கும் இடமா ஒதுக்குப்புறமா, மண் எவ்வளவு ஆழம் என்பவையெல்லாம் மற்ற பங்குகள். அடுத்த சில கேள்விகள் ஒவ்வொன்றும் இதில் ஒரு பங்கைப் பற்றியதுதான்.

மலையோட ஒரு பக்கம் காஞ்சு கிடக்குது, இன்னொரு பக்கம் பச்சையா இருக்குது. அது ஏனுங்க?

சூரியன் நிற்கும் பக்கத்தால். ஏற்காடு வடக்கு அட்சரேகை 11.8 டிகிரி அளவில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து அடுத்த ஏப்ரல் மூன்றாவது வாரம் வரை, கிட்டத்தட்ட எட்டு மாதம், நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். இந்த எட்டு மாதத்துக்குள்தான் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மழையில்லாக் காலமும் அடங்குகிறது. ஆக, மண்ணில் ஈரம் குறைந்துகொண்டே போகும் அந்த நேரத்தில் தெற்குச் சரிவுதான் நேர் வெயிலை வாங்குகிறது. வடக்குச் சரிவில் வெயில் சாய்வாக விழும், ஈரம் சில வாரம் கூடுதலாகத் தங்கும். சூரியன் வடக்கே போகும் மே, ஜூன், ஜூலையில் கோடை மழையும் பருவமழையும் வந்துவிடுவதால் வடக்குச் சரிவு பெரிதாகக் காய்வதில்லை.

சேலத்திலிருந்து ஏறும் பிரதான சாலை மலையின் தெற்கு முகத்தில் போகிறது. அதனால் வண்டியில் வருபவர்கள் பார்ப்பது மலையின் காய்ந்த பக்கத்தை. அதை வைத்து ‘ஏற்காட்டு மலை முழுக்க இப்படித்தான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியாக ஒருமுறை ஏறிப் பாருங்கள். அதே உயரத்தில் வேறு காட்சி. சிறிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாக நிற்கும் ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வாருங்கள். பல மரங்களில் வடக்குப் பக்கப் பட்டையில் பாசி கெட்டியாகப் படர்ந்திருக்கும். தெற்கே வெளிறிய கற்பாசித் திட்டுகள் மட்டும் இருக்கும்.

பள்ளத்துல மட்டும் ஏன் இருட்டா, மரமெல்லாம் அவ்வளவு உயரமா இருக்கு?

மூன்று காரணம். தண்ணீரும் மண்ணும் மேட்டிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் சேர்கின்றன. அங்கே மண் ஆழம். இரண்டு பக்கச் சுவரும் வெயிலை மறைக்கின்றன. காற்று உள்ளே வேகமாக நுழைவதில்லை, அதனால் மரம் பயமில்லாமல் உயரலாம்.

கிளியூர் அருவிக்கு இறங்கும் வழி இதற்கு நல்ல உதாரணம். ஏற்காடு ஏரி நிறைந்தால் வழியும் நீர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் விழுகிறது. ஊரைவிடத் தாழ்வான இடம். உயரக் கணக்குப்படி ஊரைவிடக் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் அருவியை நெருங்க நெருங்கத்தான் பாறையில் பெரணியும் பாசியும் அதிகமாகின்றன. அங்கே ஒரு பாறையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். தட்டையாக, பச்சைத் தோல் ஒட்டியதுபோல் படர்ந்திருப்பவை ஈரல்பாசிகள். வேரும் கிடையாது, நீர் கடத்தும் குழாயும் கிடையாது. உடம்பு முழுவதாலும் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ வேண்டும். வெயிலில் அவை நீடிப்பதில்லை. அவை அடர்ந்திருக்கும் இடத்தில் வருஷம் பூராவும் ஈரம் இருக்கிறது என்று கருவி இல்லாமலே சொல்லிவிடலாம்.

இப்படிப் பள்ளத்தை ஒட்டி மேல்மட்டத்துச் செடிகள் கீழே இறங்கி வருவதும், காய்ந்த முகட்டை ஒட்டிக் கீழ்மட்டத்துச் செடிகள் மேலே ஏறிப்போவதும் எல்லா மலையிலும் நடப்பதுதான்.

சேர்வராயன் கோயில் கிட்ட மரமே இல்லாம புல்லா கிடக்கே, யாராவது வெட்டிட்டாங்களா?

அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. மலை உச்சியில் சேர்வராயன் கோயிலைச் சுற்றி இருக்கும் அகலமான புல்வெளியில் காற்றுக்குத் தடையே இல்லை. கீழே இருக்கும் பாறை சார்னோகைட். அது நெடுங்காலம் மழையில் கரைந்து கரைந்து, உச்சிப் பகுதிகளில் பாக்சைட் படிந்த செம்மண் மேல்மூடியாக மிஞ்சியிருக்கிறது. சத்தெல்லாம் கழுவிப்போய் அலுமினியமும் இரும்பும் மட்டும் தங்கிய மண். ஆழமும் குறைவு, தண்ணீரும் சீக்கிரம் வடிந்துவிடும். மரக்கன்றுக்கு இது கஷ்டமான இடம். புல்லுக்குப் பரவாயில்லை.

அதோடு தீயும் மேய்ச்சலும். கோடையில் புல் எரிந்தால் அதன் வேர்க்கட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். அதற்குள் முளைத்திருந்த மரக்கன்று கருகிப்போகும். எலுமிச்சை வாசம் வீசும் புல் வகைகளும் சிற்றீச்சையும் தீக்குப் பின்னும் எழுந்துவிடுபவை. சோலையின் உள்ளே சருகு ஈரமாக இருப்பதால் தீ பெரும்பாலும் ஓரத்திலேயே அணைந்துவிடும். புல்லுக்கும் சோலைக்கும் நடுவே கத்தியால் வெட்டிய மாதிரி எல்லை தெரிவது இதனால்தான்.

நீலகிரியில் இப்படி இருப்பதற்கு உறைபனியை முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். திறந்த வெளியில் உறைபனி மரக்கன்றுகளைக் கொன்றுவிடும். ஏற்காட்டில் அவ்வளவு குளிர் கிடையாது. அதனால் இங்கே மண், காற்று, தீ, மேய்ச்சல் என்றுதான் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பு மண்ணில் உள்ள கார்பனை ஆராய்ந்தபோது, கடந்த 20,000 ஆண்டுகளிலும் அதற்கு முன்பும் புல்லும் மரமும் மாறி மாறி ஓங்கியிருந்தது தெரியவந்தது. தென்னிந்திய மலைப் புல்வெளி என்றாலே மனிதன் அழித்த காடு என்று நினைப்பது தவறு. புல்வெளியில் ‘காடு வளர்ப்போம்’ என்று குழி தோண்டுபவர்களிடம் இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அங்கே ஏற்கெனவே ஒரு தாவரக் கூட்டம் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

மேகம் எறங்கி மூடும்னு சொன்னாங்க. ஏப்ரல்ல போனோம், ஒண்ணுமே இல்ல. அது எப்ப வரும்?

இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. காற்றின் வெப்பத்துக்கும் அதன் பனிப்புள்ளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ, அதை 125 மீட்டரால் பெருக்குங்கள். தரையிலிருந்து கிட்டத்தட்ட அந்த உயரத்தில் மேகத்தின் அடிப்பாகம் இருக்கும். பனிப்புள்ளி என்பது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. வானிலைச் செயலியிலேயே பார்க்கலாம்.

நவம்பர் மாலையில் சேலத்தில் 26 டிகிரி, பனிப்புள்ளி 21 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5. ஐந்தை 125-ஆல் பெருக்கினால் 625 மீட்டர். சேலத்தின் 280-ஐயும் கூட்டினால் 900 சொச்சம். அதாவது பாதி மலை ஏறியதுமே மேகத்துக்குள் நுழைந்துவிடுவோம். ஏப்ரல் மத்தியானத்தில் 37 டிகிரி, பனிப்புள்ளி 19 என்றால் வித்தியாசம் 18. மேகம் 2,500 மீட்டருக்கு மேலேதான் உருவாகும். நம் மலையின் உச்சியே 1,600 சொச்சம். எப்படி மூடும்? அக்டோபர் முதல் ஜனவரி வரை வாருங்கள்.

அந்த மூடுபனி செடிக்கு தண்ணி தருமா? சும்மா குளிர்ச்சிதானே?

தரும். மழையே பெய்யாத ஒரு டிசம்பர் ராத்திரிக்கு அப்புறம், விடியற்காலையில் மேல்மட்டச் சாலை ஒன்றில் நடந்து பாருங்கள். திறந்த இடத்தில் தார் காய்ந்திருக்கும். பெரிய மரம் கவிந்த இடத்தில் மட்டும் தரை நனைந்து, இலை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். மேகத்தில் இருக்கும் துளிகள் மழைத்துளி அளவுக்குக் கனமில்லாததால் தானாக விழாது, மிதக்கும். காற்று அவற்றை இலை, கிளை, பாசி வழியாகத் தள்ளும்போது மோதி ஒட்டி, சேர்ந்து, சொட்டும். மரத்தின் கிளைக்கூட்டம் ஒரு சல்லடை போல மேகத்திலிருந்து நீரைப் பிரித்தெடுக்கிறது.

இரண்டாவது உதவி இன்னும் பெரியது. மேகம் மூடியிருக்கும் நேரத்தில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் இலையிலிருந்து நீர் வெளியேறுவது ஏறக்குறைய நின்றுவிடும். வரவு கொஞ்சம், செலவு இல்லை. மழை விட்டபிறகும் ஒரு மாதம் போல மேல்மட்டம் பச்சையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படின்னா ஏற்காட்டுக் காடும் மேகக்காடுதானே?

ஒரு சில சோலைத் துண்டுகளில் அதன் சாயல் இருக்கிறது. முழு மேகக்காடு என்று சொல்ல மாட்டேன். மேகக்காடு என்றால் வருஷத்தின் பெரும்பகுதி மேகம் காட்டுக்குள்ளேயே படிந்திருக்க வேண்டும். முன்பு போட்ட கணக்கைப் பார்த்தீர்கள். நமக்கு ஜனவரிக்குப் பிறகு மேகம் மலையைவிட்டு மேலே போய்விடுகிறது.

உயரம் மட்டும் குறை என்று நினைக்காதீர்கள். கடல் சூழ்ந்த சின்னத் தீவு மலைகளில் 500 மீட்டர் அளவிலேயே மேகக்காடு இருக்கிறது. பெரிய மலைத்தொடர்களின் நடுவில் 2,000 மீட்டர் தாண்டினால்தான் வரும். மலை சிறிதாகவும் தனியாகவும் இருந்து, கடற்காற்று ஈரத்தோடு மோதினால் மேகம் தாழ்வாகவே உருவாகும். சேர்வராயன் மலை தனி மலைதான், ஆனால் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாதி ஈரத்தைக் கொட்டிவிட்டுத்தான் இங்கே வருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா நாட்டின் மோன்டெவெர்டே நல்ல இடம். கரீபியன் கடலிலிருந்து வரும் வியாபாரக் காற்று அங்கே 1,500 மீட்டருக்கு மேற்பட்ட முகட்டைத் தாண்டிப் பசிபிக் பக்கம் இறங்குகிறது. காற்று மோதும் முகட்டில் மரங்கள் வளைந்து முறுக்கிக் குட்டையாக நிற்கும், கிளையெல்லாம் பாசி. முகட்டைத் தாண்டி, காற்று படாத மடிப்புகளில் இறங்கினால் மரங்கள் பல மடங்கு உயரம். கொஞ்சம் மேட்டில் ஓக் மரங்கள், தண்ணீர் தேங்கும் இடத்தில் சதுப்புக்காடு. உயரத்தில் பெரிய வித்தியாசமே இல்லாமல், சில கிலோமீட்டருக்குள் இத்தனையும். செடிகள் வேறு, கடல் வேறு. ஆனால் காற்று, பள்ளம், மண் என்று நாம் கோயில் மேட்டிலும் கிளியூரிலும் பார்த்த அதே விதி.

மரத்து மேல ஒட்டிக்கிட்டு வளர்றதெல்லாம் புல்லுருவிதானே? பிச்சுப் போட்டா மரத்துக்கு நல்லதா?

தயவுசெய்து பிய்க்காதீர்கள். புல்லுருவி வேறு. அது மரத்தின் திசுவுக்குள் வேரைச் செலுத்தி நீரையும் சத்தையும் எடுக்கும். ஆர்க்கிட், பெரணி, பாசி எல்லாம் மரத்தை நிற்பதற்கு மட்டும் பயன்படுத்துகின்றன, பட்டைக்குள் போவதில்லை. ஆர்க்கிட்டின் வேரை உற்றுப் பாருங்கள்: வெள்ளையாக, தடித்து, பட்டைமேல் கிடக்கும். நனைந்தால் பச்சையாகத் தெரியும். அந்த வெள்ளை உறைதான் மழையையும் பனியையும் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

வீட்டில் வைக்க எடுத்துப் போவதும் வேண்டாம். சேலத்து வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது. ஆர்க்கிட்டுகளை நிதானமாகப் பார்க்க ஆசைப்பட்டால், ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

எங்க பாத்தாலும் சில்வர் ஓக்தான். அதுதான் இந்த மலையோட சொந்த மரமா?

இல்லை. அது கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி இந்த மலைக்கு வந்தது. காபிக்கு நிழல் வேண்டும், மிளகுக் கொடி ஏற நேரான தண்டு வேண்டும், பின்னால் வெட்டி விற்கவும் வேண்டும். மூன்றுக்கும் சில்வர் ஓக் பொருந்தியதால் மலை முழுக்க நட்டார்கள். காற்றடிக்கும்போது இலையின் அடிப்புறம் வெள்ளியாக மின்னும், அழகுதான். ஆனால் உச்சி மெலிந்து நேராகப் போகும் மரம் என்பதால் விரிந்த கிளை குறைவு. அகன்ற கிளைகளில் குடியேறும் பெரணிக்கும் ஆர்க்கிட்டுக்கும் அங்கே அவ்வளவு இடமில்லை. சருகும் மெதுவாகத்தான் மட்கும்.

காபித் தோட்டமும் பச்சையாத்தானே இருக்கு, அதையும் காடுன்னு சொல்லலாமே?

தோட்டத்தைப் பொறுத்தது. பழைய தோட்டங்கள் சிலவற்றில் நாவல், அத்தி, பலா, ஈட்டி என்று பல இன மரங்களை நிழலுக்காக விட்டிருக்கிறார்கள். பறவைகளும் ஆர்க்கிட்டுகளும் அங்கே நிறைய. சில்வர் ஓக் மட்டும் வரிசையாக நிற்கும் தோட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம்.

இருந்தாலும் இரண்டும் காடு இல்லை. எப்படிச் சொல்கிறேன் என்றால், தலையைத் தூக்கி மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலடியைப் பாருங்கள். காட்டில் பெரிய மரத்தின் கீழே அதன் கன்றுகள் விரல் உயரத்தில், முழங்கால் உயரத்தில், ஆள் உயரத்தில் என்று எல்லா வயதிலும் நிற்கும். தோட்டத்தில் களையெடுப்பதால் தாய்மரம் மட்டும் இருக்கும், கன்று இருக்காது. அந்த மரம் விழுந்தால் அந்த இடத்தில் அந்த இனம் முடிந்தது. கன்றுகளை எல்லா வயதிலும் பார்க்க வேண்டுமென்றால் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் காப்பாற்றி வரும் கோயில் காடுகளுக்குப் போக வேண்டும். சின்னச் சின்ன இடங்கள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

உண்ணிச்செடி பூ அழகாத்தானே இருக்கு, அதை ஏன் திட்டறீங்க?

தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து தோட்ட அழகுக்காக வந்தது. இன்று இலையுதிர் காட்டின் தரையை அது மூடிவிடுகிறது. போன பதிலில் சொன்ன கன்றுகள் அதன் அடியில் வெளிச்சம் கிடைக்காமல் போகின்றன. காய்ந்தால் நன்றாக எரியும், தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். சோலைக்குள் இருட்டு என்பதால் ஓரத்தோடு நின்றுகொள்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைச் செடியெல்லாம் நடுவுல சமவெளியைத் தாண்டி இங்க எப்படி வந்துச்சு?

நீலக்குறிஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சேர்வராயன் மலையிலும் அது உண்டு. சுற்றிலும் காய்ந்த சமவெளி இருப்பதால், குளிர்ச்சியும் ஈரமும் தேவைப்படும் செடிக்கு இந்த மலை ஒரு தீவு. பழம் தின்னும் பறவைகள் சில விதைகளைச் சுமந்து வந்திருக்கலாம், பெரணியின் பொடி போன்ற வித்துத்துகள்களும் ஆர்க்கிட்டின் தூசு போன்ற விதைகளும் காற்றிலேயே வரும். தட்பவெப்பம் மாறி மாறி வந்த பழைய காலங்களில், ஈரமான காடு சமவெளிப் பக்கம் இன்னும் கீழே இறங்கியிருந்தபோது வந்து சேர்ந்து, பிறகு வறட்சியில் மலைமேல் ஒதுங்கியவையும் இருக்கலாம்.

தீவில் அகப்பட்டவை நாளாவட்டத்தில் தனி இனமாவதும் உண்டு. இந்த மலையின் பெயரையே தாங்கி நிற்கும் வெர்னோனியா செவராயென்சிஸ் அப்படிப்பட்டது. சூரியகாந்திக் குடும்பத்தில் பெரும்பாலும் சிறு செடிகளைத்தான் பார்த்திருப்போம், இது மரம். மிகவும் அரிதாகிவிட்டது. சேலத்துக்காரர்கள் பலருக்கு இப்படி ஒரு மரம் இருப்பதே தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இங்க ஒரு காடு முடியுது, அங்க இன்னொண்ணு தொடங்குதுன்னு கோடு போட முடியுமா?

தாவரவியலாளர்களே நூறு வருஷமாக விவாதிக்கும் கேள்வி இது. அமெரிக்காவின் கிளெமென்ட்ஸ் 1916-இல், ஒரு தாவரக் கூட்டம் ஓர் உயிரைப்போல ஒன்றாக இயங்குகிறது என்றார். அப்படியானால் எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். கிளீசன் 1926-இல் மறுத்தார்: ஒவ்வொரு இனமும் தனக்குப் பொருந்திய இடத்தில் தனித்தனியாக வாழ்கிறது, அவை ஒன்றாக நிற்பதைப் பார்த்து நாம் கூட்டம் என்கிறோம் என்றார். பின்னால் விட்டேக்கர் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் கணக்கெடுத்தபோது, இனங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்தில் மெல்லக் கூடி மெல்லக் குறைவது தெரிந்தது. கிளீசன் பக்கம்தான் வலுத்தது.

நம் மலையில் இரண்டையும் பார்க்கலாம். முட்புதர்க் காட்டிலிருந்து இலையுதிர் காட்டுக்குப் போகும்போது எந்த வளைவிலும் கோடு போட முடியாது. உசில் குறைந்துகொண்டே போகும், வெக்காளி கூடிக்கொண்டே வரும். புல்லுக்கும் சோலைக்கும் நடுவில் மட்டும் தீயால் ஏற்பட்ட அந்தக் கூர்மையான எல்லை. ஆகவே மூன்றாவது கேள்வியில் நான் கொடுத்த 500, 1,000 என்ற எண்களைச் சுவராக நினைக்க வேண்டாம்.

எங்க காலேஜ் புராஜெக்டுக்கு நாங்களே கணக்கெடுக்கணும். எப்படிச் செய்யறது?

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிற்றால் சதுரம் கட்டுங்கள். அதற்குள் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் இனம், சுற்றளவு என்று குறியுங்கள். மூலையில் சிறிய சதுரம் கட்டிக் கன்றுகளை எண்ணுங்கள். கூடவே உயரம், சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மண் எவ்வளவு ஆழம், பாசி உண்டா என்பதையும் எழுதுங்கள். பலரும் மரத்தை மட்டும் எண்ணிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள்; அப்புறம் ஏன் மாறியது என்று சொல்ல வழியிருக்காது. சாலையோரத்திலேயே எல்லாச் சதுரத்தையும் கட்டாதீர்கள், அது மலையின் ஒரு முகம் மட்டும். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என்று இரண்டு தடவை போனால், இலையில்லாத மரத்தைத் தப்பாக எழுதாமல் தவிர்க்கலாம்.

வெயில் கூடிட்டே போகுது. மேல இருக்கிற செடிங்க இன்னும் மேல ஏறிடாதா?

ஏற இடம் வேண்டுமே. ஒரு டிகிரி கூடினால், அதே குளிர்ச்சிக்கு ஒரு செடி சுமார் 150 மீட்டர் மேலே போக வேண்டும் (இரண்டாவது பதிலில் சொன்ன ஆறரை டிகிரிக் கணக்குதான்). ஏற்காட்டின் மேல்பரப்புக்கும் மலையின் உச்சிக்கும் இடையே இருப்பதே அந்த அளவுதான். நீலகிரியில் இன்னும் 1,000 மீட்டர் மிச்சமிருக்கிறது. இங்கே ஒரு டிகிரியிலேயே மலை முடிந்துவிடும்.

மேகமும் விலகும். வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் இடைவெளி ஒரு டிகிரி கூடினால் மேகத்தின் அடிப்பாகம் 125 மீட்டர் உயரும். மோன்டெவெர்டேயில் வறண்ட காலத்தில் மூடுபனி இல்லாத நாட்கள் அதிகரித்துவருவதை 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதோடு தவளை இனங்கள் குறைந்ததையும் சேர்த்துப் பேசியது. நம் மலையில் முதலில் அடிபடப்போவது, மண்ணில் வேரில்லாமல் பனியையும் மழையையும் நம்பி மரத்தின்மேல் வாழும் பாசி, பெரணி, ஆர்க்கிட்டுகள்தான். மேலே செல்ல முடியாத செடிக்கு இன்னும் ஒரு வழி மிச்சம்: பக்கவாட்டில் நகர்ந்து வடக்குச் சரிவுக்கும் ஈரப் பள்ளத்துக்கும் ஒதுங்குவது. அதற்கு அந்தப் பள்ளங்களில் ஓடையை மறித்துக் கட்டடம் எழும்பாமல் இருக்க வேண்டும், சோலைத் துண்டுகளுக்கு இடையே பல இன நிழல்மரங்கள் உள்ள தோட்டங்களாவது தொடர்ந்து இருக்க வேண்டும். தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: அடுத்தமுறை நிழலுக்குக் கன்று வாங்கும்போது பத்தில் நாலாவது நாவல், அத்தி, செண்பகமாக இருக்கட்டும், ஓடைக்கரையில் தானாக முளைத்ததைக் களையோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள்.